ஹீட்டிங் போட்டால் இன்டர்நெட் ஏன் போகிறது?

கோடையில் ஒரு குறையும் இல்லாத இன்டர்நெட், குளிர்காலம் வந்ததும் மாலை நேரத்தில் அறுந்து அறுந்து வருகிறதா? ரௌட்டரைக் குறை சொல்வதற்கு முன்னால் வீட்டு ஹீட்டிங்கை ஒரு முறை பாருங்கள். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் நகர்த்தியதும், எனக்குத் தெரிந்த லண்டன் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். எந்த பிராட்பேண்ட் நல்லது? பாய்லர் பார்க்க நம்பகமான ஆள் யாராவது இருக்கிறார்களா? சில வீடுகளில் இந்த இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். அதை விரிவாக எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது எரிவாயு பாய்லர். அது தண்ணீரைச் சுடவைக்கும். ஒரு பம்ப் அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ரேடியேட்டருக்குத் தள்ளும். எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்ல ஒரு டைமர். போதுமான சூடு வந்துவிட்டது, நிறுத்து என்று சொல்ல, வாசல் கதவைத் திறந்ததும் வரும் நடையின் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். எரிவாயுவில் ஓடும் அமைப்புதான் என்றாலும் இதை ஆட்டிவைப்பது முழுக்க மின்சாரம். பழைய வீடுகளில் அந்தச் சுவர் தெர்மோஸ்டாட்டுக்கு வருவது 230 வோல்ட் வீட்டு மின்சாரமே.

பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பவை மிகக் கொஞ்சம். இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை, அதன் நுனியில் பட்டாணியைவிடச் சிறிய ஒரு உலோகப் புள்ளி, அதற்கு எதிரே இன்னொரு புள்ளி, பக்கத்தில் ஒரு குட்டிக் காந்தம். அறை குளிர்ந்தால் பட்டை வளைந்து புள்ளிகள் ஒட்டும், மின்சாரம் ஓடும். அறை சூடானால் பட்டை நிமிர்ந்து புள்ளிகள் பிரியும். வெப்பநிலை மெதுவாகத்தான் மாறும் என்பதால் பட்டையும் மெதுவாகத்தான் நகரும். அது தயங்கித் தயங்கிப் பிரியாமல் சட்டென்று விலக வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் காந்தத்தை வைத்திருக்கிறார்கள். பல ஆண்டு உழைத்த தெர்மோஸ்டாட்டில் புள்ளிகள் கருகிக் குழி விழுந்திருக்கும். அப்போது அந்தச் ‘சட்டென்று’ போய்விடுகிறது. இரண்டு புள்ளிகளும் ஒட்டியும் ஒட்டாமலும் நடுங்கிக்கொண்டே நிற்கும். அந்த மயிரிழை இடைவெளியில் பொறி பறக்கும்.

அந்தப் பொறி பம்பினால் இன்னும் மோசமாகிறது. பம்பில் இருப்பது மோட்டார், அதாவது கம்பிச் சுருள். சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால் அது உடனே நிற்க மறுக்கும். துண்டித்த இடத்தில் மின்னழுத்தம் பல நூறு வோல்ட்டுக்கு எகிறி, காற்றையே பிளந்துகொண்டு பாயும். பிரிட்டனில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு உச்சம். ஆகவே நடுங்கும் தொடுமுனையில் நொடிக்கு 100 முறை பொறி எழுந்து அடங்கும். ரேடியோவில் இது ‘ர்ர்ர்ர்’ என்று சில நொடி நீளும் கரகரப்பாகக் கேட்கும்.

பொறி ரேடியோவில் ஏன் கேட்க வேண்டும்? மனிதர் முதலில் ரேடியோ அலை அனுப்பியதே பொறியை வைத்துத்தான். 1887இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் ஒரு பொறி இடைவெளியைக் கொண்டே மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டினார். மார்க்கோனி 1896இல் லண்டனுக்கு வந்து தபால் துறைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் செய்து காட்டியதும், 1901 டிசம்பரில் கார்ன்வாலின் போல்டுவில் இருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்துக்கு அனுப்பியதும் பொறி ஒலிபரப்பிகளால்தான். பொறிக்கு ஒரு குறிப்பிட்ட அலைவரிசை கிடையாது. கிலோஹெர்ட்ஸில் தொடங்கிப் பல மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே நேரத்தில் பரவும். வீட்டில் ஓடும் மின்கம்பிகளே அதற்கு ஏரியல். தேய்ந்த தெர்மோஸ்டாட் உள்ள வீட்டில் ஒரு பொறி ஒலிபரப்பி ஓடுகிறது என்று சொன்னால் அதில் மிகை எதுவும் இல்லை.

இன்டர்நெட்டுக்கு வருவோம். தெருமுனையில் இருக்கும் பச்சைப் பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து வீடு வரை பழைய தொலைபேசியின் செம்புக் கம்பி என்ற ஏற்பாட்டில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன. அந்தச் செம்பில் தகவல் போவது ஏறக்குறைய 17 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில். மத்திய அலை ரேடியோவும் சிற்றலையின் பெரும்பகுதியும் இருக்கும் இடம் அது, பொறி கத்துகிற இடமும் அதுவே. இதற்காகத்தான் தொலைபேசிக் கம்பி இரண்டையும் முறுக்கி இழுக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறினால், கடைசியில் ஒன்றை ஒன்று கழித்துவிடும். அந்தச் சமநிலை கெட்டால் பாதுகாப்பும் போயிற்று.

பிரிட்டிஷ் வீடுகளில் அதைக் கெடுக்கும் ஒரு பழைய வேண்டாத பொருள் இருக்கிறது. மாடியில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று கூடுதல் தொலைபேசி சாக்கெட் வைத்த காலத்தில், பழைய போன்களின் மணி அடிப்பதற்காக மூன்றாவதாக ஒரு கம்பியையும் சேர்த்து இழுத்தார்கள். இன்றைய போன்களுக்கு அது தேவையே இல்லை. ஆனால் அந்த மணிக் கம்பி வீடு முழுக்க ஓடி, ஒரு பக்கக் கம்பியோடு மட்டும் சேர்ந்துகொண்டு சமநிலையைக் குலைக்கிறது. நல்ல ஏரியலாகவும் வேலை செய்கிறது. ஃபில்டர் உள்ள முகப்பை முதன்மை சாக்கெட்டில் மாட்டினால் உள்வீட்டுக் கம்பிகள் பிராட்பேண்டில் இருந்து பிரிந்துவிடும். இவ்வளவு சின்ன மாற்றத்துக்கு இத்தனை பலன் உண்டு என்பதை, மாதாமாதம் பணம் வாங்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களுடையது வரிசை வீடு. இந்த வகை வீடுகளை இரண்டிரண்டாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாற்றிக் கட்டியிருப்பார்கள். அதனால் எங்கள் நடைக்கும் பக்கத்து வீட்டு நடைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். எங்கள் பக்கம் அந்தச் சுவரில் தொலைபேசி சாக்கெட்டும் ரௌட்டரும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யார் யோசிப்பார்கள்? குளிர்காலம் முழுக்க மாலையில் இணைப்பு அறுந்தது. பிராட்பேண்ட் நிறுவனத்தின் ஆள் நடுப்பகலில் வந்தார். லைன் சுத்தமாக இருக்கிறது என்று சோதித்துக் காட்டினார், ரௌட்டரை மாற்றிவிட்டுப் போனார். மாலையில் மறுபடி அதே கதை. பகலில் எல்லோரும் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் சோதித்தால் லைன் சுத்தமாகத்தான் இருக்கும்.

ஒரு மாலை பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கேயே நீண்ட காலமாக இருப்பவர்.

“தம்பி, உங்கட வீட்டிலயும் இப்ப நெட் போட்டுதோ?”

“ஆமாக்கா, இப்பத்தான் போச்சு. உங்க வீட்டிலயுமா?”

“எங்களுக்கு நெட்டும் போகுது, குசினி ரேடியோவும் கரகரக்குது. ஹீட்டர் நிக்கிற நேரம் பாத்துத்தான் கரகரக்குது எண்டு அம்மா சொல்லுறா.”

அக்காவின் அம்மா எண்பதைத் தாண்டியவர். அவர் கவனித்துச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் முழு விடையும் இருந்தது. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். மத்திய அலையில் 612 கிலோஹெர்ட்ஸுக்குத் திருப்பி அவர்கள் நடையில் நின்றேன். வெறும் காற்றிரைச்சல். அக்கா தெர்மோஸ்டாட்டின் வட்டத்தை மெல்லக் கீழே திருப்பினார். ரேடியோ ‘ர்ர்ர்ர்’ என்று அலறியது. வட்டத்தை அங்கேயே விட்டால் நிற்காமல் கத்தியது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் அடங்கியது. மஞ்சள் பாரித்த அந்தப் பிளாஸ்டிக் பெட்டியின் பக்கவாட்டுத் துளை வழியே, நடையின் விளக்கை அணைத்ததும், ஊதா நிறத்தில் ஒரு புள்ளி துடிப்பது தெரிந்தது. எங்கள் ரௌட்டர் இருப்பது அதற்கு நேர் பின்னால்.

“வீடு வாங்கேக்கயே இருந்தது, தம்பி. அது பாட்டுக்கு வேலை செய்யுது எண்டு விட்டிட்டம்,” என்றார் அக்கா.

அவர்கள் வீட்டில் இருந்தது பழைய ஏற்பாடு. தெர்மோஸ்டாட் நேராகப் பம்பின் மின்சாரத்தையே துண்டிக்கும், இடையில் எதுவும் இல்லை. தெரிந்த எலக்ட்ரீஷியன் வந்து பழையதைக் கழற்றி மின்னணுத் தெர்மோஸ்டாட் ஒன்றை மாட்டினார். இரண்டு வீட்டிலும் இணைப்பு அறுவது நின்றது. ஆனால் வேகம் உடனே திரும்பவில்லை. அதற்கும் காரணம் உண்டு. லைன் அடிக்கடி அறுந்தால், ஒரு தானியங்கி நிர்வாக முறை அதைக் கவனித்து வேகத்தைக் குறைத்துவிடும். வழுக்கி விழுந்தவர் அப்புறம் நிதானமாகவே அடி எடுத்துவைப்பது போல, லைன் அமைதியாக இருக்கிறது என்று நம்பிக்கை வந்த பிறகுதான் அது படிப்படியாக வேகத்தை ஏற்றும். சில நொடிப் பொறிக்கு வீடு முழுக்கப் பல நாள் மெதுவான இன்டர்நெட் என்பது இப்படித்தான் வருகிறது. பலரும் இதற்குள் நிறுவனத்தை மாற்றிவிடுகிறார்கள். புது நிறுவனத்துக்கும் பெரும்பாலும் அதே செம்புக் கம்பிதான்.

612 என்பது நான் கண்டுபிடித்த எண் அல்ல. லைன் பழுது பார்க்கும் பொறியாளர்கள் காலங்காலமாகச் சொல்லும் வழி அது. அந்த இடத்தில் பெரும்பாலும் நிலையம் எதுவும் கேட்காது, பிராட்பேண்ட் ஓடும் அலைவரிசைகளுக்கு உள்ளேயும் இருக்கிறது. அவர்கள் இந்த இரைச்சலை இரண்டாகப் பிரிக்கிறார்கள். விடாமல் திரும்பத் திரும்ப வருவதற்கு ‘ரெய்ன்’ என்று பெயர். ஒரே வீச்சில் பெரிதாக அடித்து லைனை வீழ்த்துவதற்கு ‘ஷைன்’. ஷைனுக்குப் பேர்போன கதை வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் கிராமத்தில் நடந்தது. பதினெட்டு மாதம் காலை ஏழு மணிக்கெல்லாம் ஊர் முழுக்க இன்டர்நெட் போனது. கம்பியை மாற்றிப் பார்த்தும் பயன் இல்லை. கடைசியில் தொலைபேசிக் கம்பிகளைப் பராமரிக்கும் ஓபன்ரீச் நிறுவனத்தின் பொறியாளர்கள் விடியற்காலையில் அளவுக் கருவியோடு தெருத்தெருவாக நடந்து பிடித்தார்கள். ஒரு வீட்டில் காலையில் போடும் பழைய டிவி. 2020 செப்டம்பரில் இது செய்தியானது. அங்கே குற்றவாளி டிவி, எங்கள் தெருவில் தெர்மோஸ்டாட். ஒரு வீட்டுச் சாதனம் தெருவையே முடக்க முடியும் என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

உங்கள் வீட்டில் நீங்களே சோதிக்கலாம். முதலில் ரௌட்டரின் விளக்கைப் பாருங்கள். போனில் வைஃபை கோடுகள் முழுதாக இருக்க, ரௌட்டரில் பிராட்பேண்ட் விளக்கு மட்டும் அணைந்து சிமிட்டுகிறது என்றால் கோளாறு லைனில். வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வரை இந்தப் பொறியின் பலம் எட்டுவது அரிது. அப்புறம் பேட்டரி ரேடியோ. பிளக்கில் செருகும் ரேடியோ வேண்டாம், அது மின்கம்பி வழியாகவே இரைச்சலை வாங்கிக் குழப்பும். மத்திய அலை ரேடியோவின் உள்ளே இருக்கும் ஏரியல் திசை பார்க்கும். ரேடியோவை மெல்லச் சுழற்றினால் ஒரு திசையில் இரைச்சல் அடங்கும், இன்னொன்றில் ஏறும். தெர்மோஸ்டாட், பாய்லர், பம்ப், சூடுநீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக அருகில் போய்க் கேளுங்கள்.

‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் கவலை வேண்டாம். சுவிட்சு என்றால் அவ்வளவு இருக்கும். 1934 முதல் இயங்கும் சர்வதேச ரேடியோ இடையூறுக் குழுவான சிஸ்பரின் வரையறையே 200 மில்லிநொடிக்குள் முடியும் இடையூறைச் ‘சொடுக்கு’ என்று தனியாக வைத்து, அதற்குச் சலுகை தருகிறது. நீளும் கரகரப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. ‘டிக்’ இயல்பு, ‘ர்ர்ர்’ பழுது. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் போதும்.

பாய்லர் பற்றவைக்கும்போது வரும் ‘டக் டக் டக்’ வேறு சங்கதி. எரிவாயுவைப் பற்றவைக்க வேண்டுமென்றே பல ஆயிரம் வோல்ட்டில் உண்டாக்கும் பொறி அது. சில நொடியில் தீ பிடித்ததும் நின்றுவிட வேண்டும். அந்த நேரத்தில் டிவி படம் கட்டம் கட்டமாக உடைந்தால், பெரும்பாலும் சுவர் சாக்கெட்டில் இருந்து டிவிக்குப் போகும் மலிவான ஏரியல் வயர்தான் பலவீனம். நல்ல உறையுள்ள வயர் மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் பொறி நிற்காமல் நீண்டுகொண்டே போகிறது, பாய்லர் பல முறை முயன்றுதான் பற்றுகிறது என்றால் அது டிவியின் பிரச்சினை இல்லை. எரிவாயு வேலைக்கான ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்றவரைக் கூப்பிடுங்கள். எரிவாயு பாய்லரின் உள்வேலையைச் சட்டப்படி வேறு யாரும் செய்யக் கூடாது. “யூடியூப் பார்த்து நானே செய்துட்டேன்” என்று குழுவில் படம் போடும் தம்பிகளே, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தயவுசெய்து வேண்டாம்.

பேசப்படாத ஒரு சிரமத்தையும் சொல்ல வேண்டும். காது கேட்கும் கருவி வைத்திருக்கும் பெரியவர்களில் பலர் அதில் ‘டி’ என்ற நிலையைப் பயன்படுத்துவார்கள். கருவிக்குள் இருக்கும் சிறு சுருள், வங்கி கவுன்டரிலோ தேவாலயத்திலோ வைத்திருக்கும் காந்த வளையத்தில் இருந்து பேச்சை நேராக வாங்கும். அந்தச் சுருளுக்கு வீட்டு மின்சாரத்தின் காந்தப்புலமும் கேட்கும். தரைக்கு அடியில் மின்சார ஹீட்டிங் போட்ட குளியலறை, சமையலறையில் அது ‘ம்ம்ம்’ என்ற விடாத ரீங்காரம். ஒற்றைக் கம்பியில் செய்த பழைய ஹீட்டிங் பாய்களில் இது அதிகம். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒரே உறைக்குள் வைத்த வகையில் இரண்டின் புலமும் பெருமளவு கழிந்துவிடும். பாட்டி “காதுக்குள்ள ஏதோ இரையுது” என்றால் வயதின் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். புதிதாகத் தரை ஹீட்டிங் போடுபவர்கள் இரட்டைக் கம்பி வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தொட்டியில் தண்ணீர் சுடவைக்கும் இமர்ஷன் ஹீட்டர் வீட்டில் இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். அதன் இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தால் அங்கேயும் பொறி பறக்கும், ரேடியோ அதையும் காட்டிக்கொடுக்கும். இந்த இடத்தில் இன்டர்நெட் இரண்டாம் பட்சம். தளர்ந்த இணைப்பில் அவ்வளவு மின்னோட்டம் ஓடினால் பிளாஸ்டிக் கருகும், தீயும் பிடிக்கலாம். கரகரப்போடு கருகல் வாசனையும் வந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஃபைபர் வீட்டு வாசல் வரை வந்துவிட்டால் லைன் தொல்லை தீரும். கண்ணாடி இழைக்குப் பொறி கேட்காது. ஆனால் வீட்டுக்குள் பவர்லைன் அடாப்டர் வைத்து மின்கம்பி வழியே இன்டர்நெட்டை மாடிக்கு அனுப்புபவர்களுக்கு அப்போதும் விடுதலை இல்லை. அதன் பாதையே இரைச்சல் ஓடும் மின்கம்பி. முடிந்தால் ஒரு ஈதர்நெட் கேபிள் இழுத்துவிடுங்கள். இன்னொரு பக்கம், பாய்லருக்குப் பதிலாக வெப்பப் பம்ப் வருகிறது. அதன் இன்வெர்ட்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டும். ஒழுங்காகச் செய்த கருவியில் அதை வெளியே விடாத ஃபில்டர் உள்ளேயே இருக்கும். மலிவு விலையில் ஆன்லைனில் வரும் பெயர் தெரியாத மின்சார ஹீட்டர்களில் விலையைக் குறைக்க முதலில் காணாமல் போவது அந்த ஃபில்டராகத்தான் இருக்கும். எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குங்கள். வந்த அன்றே 612இல் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, வாடகை அறையில் இருக்கும் மாணவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தெர்மோஸ்டாட் கரகரக்கிறது என்று சொன்னால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து இருக்காதீர்கள். ஹீட்டிங்கைப் பழுதில்லாமல் வைத்திருப்பது 1985ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி அவர் கடமை. எரிவாயுச் சாதனங்களை ஆண்டுக்கு ஒரு முறை பதிவு பெற்றவரைக் கொண்டு சோதித்துச் சான்றிதழின் நகலை உங்களுக்குத் தர வேண்டியதும் சட்டம். இங்கிலாந்தில் 2022 அக்டோபரில் இருந்து பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவர் வைத்துத் தர வேண்டும். இணைப்பு அறும் நேரத்தையும் ஹீட்டிங் நின்று தொடங்கும் நேரத்தையும் சில நாள் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வையுங்கள். ரேடியோவின் கரகரப்பைப் போனில் பதிவுசெய்து, இரண்டையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்ப் பேச்சில் விடாதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள்.